எல்லா லைனும் 26: பவர் பிஐ கற்க நினைக்கும் ஒரு வாசகிக்கு

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36. பி.காம். ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஊர் வழக்கில் சொன்னால் பனியன் கம்பெனியில், 11 ஆண்டுகளாக வேலை. தினமும் காலையில் ஆறு உற்பத்தி லைன்களின் சூப்பர்வைசர்கள் ஆளுக்கொரு எக்செல் ஃபைல் அனுப்புகிறார்கள். அவற்றை ஒன்றாக ஒட்டி, கூட்டல் சரிபார்த்து, பதினொன்றரைக்குள் எம்.டி.க்கு புரொடக்‌ஷன் ரிப்போர்ட் அனுப்புவது இவர் பொறுப்பு.

புதிதாக வந்த மேனேஜர், "இனிமேல் எல்லாம் டாஷ்போர்டுதான். பவர் பிஐ தெரிந்த ஆளைப் போட்டுவிடலாம்" என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டார். அன்றிரவு தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு லேப்டாப்பில், கணக்குகளைத் திரையில் சார்ட்டுகளாக, அதாவது டாஷ்போர்டாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐயை இறக்கி, போன மாத ஃபைலை ஏற்றி, லைன் வாரியாக மொத்த உற்பத்திக்கு ஒரு பார் சார்ட் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆறு லைனும் ஒரே உயரம். எல்லாவற்றிலும் 26. "இரண்டாவது லைன் மாதத்துக்குப் பத்தாயிரம் பீஸுக்கு மேல் ஓட்டும். அதற்கும் 26. எனக்கு இதெல்லாம் ஏறாது என்று மூடிவைத்துவிட்டேன்" என்கிறார்.

கேள்விகள் நான்கு. கோடிங் தெரியாமல் இந்த வயதில் இதைக் கற்க முடியுமா? கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் 65,000 ரூபாய்க்கு, இஎம்ஐ வசதியுடன், நூறு சதவீத வேலை உத்தரவாதத்துடன் சொல்லித்தருவதாகக் கூறுகிறது, சேரலாமா? டாப்லோ என்ற போட்டி மென்பொருள்தான் உசத்தி என்று சொல்லும் தம்பி, கிராக் செய்த பிரதி ஒன்றைத் தருகிறேன் என்கிறான், வாங்கலாமா? லைசென்ஸ் இல்லாமலே ரிப்போர்ட்டை லிங்க்காக அனுப்பும் வழி ஒன்றை யூடியூபில் பார்த்தேன், செய்யலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த 26-ஐப் பேசித் தீர்த்துவிடலாம், மற்ற கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

போன மாதம் உங்கள் கம்பெனிக்கு வேலை நாட்கள் எத்தனை? 26 ஆகத்தான் இருக்கும். மென்பொருள் பீஸைக் கூட்டவில்லை, ஒவ்வொரு லைனுக்கும் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணியிருக்கிறது. காரணம், உங்கள் "மொத்தம்" பத்தியில் எங்கோ ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கிறது. "கரண்ட் கட்" என்றோ, "லைன் மாற்றம்" என்றோ, வெறும் கோடு ஒன்றோ சூப்பர்வைசர் போட்டிருப்பார். ஃபைலை ஏற்றும்போது முதல் 200 வரிகளைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பத்தியும் எண்ணா எழுத்தா என்று பவர் பிஐ ஊகிக்கிறது. நடுவே எழுத்து கலந்திருந்தால் முழுப் பத்தியும் எழுத்தாகவே உள்ளே போய்விடும். எழுத்தைக் கூட்ட முடியாது, எண்ணத்தான் முடியும். வலது பக்கப் பட்டியலில் அந்தப் பத்தியின் பெயருக்கு முன்னால், எண் பத்திகளுக்கு வரும் சிக்மா (∑) குறி இருக்கிறதா பாருங்கள். இருக்காது.

சரி, அந்தக் கட்டத்தை என்ன செய்வது? பூஜ்யம் போடலாம், காலியாகவும் விடலாம். கூட்டலுக்கு இரண்டும் ஒன்றுதான். சராசரி மாறிவிடும். பூஜ்யம் போட்டால் அந்த நாளும் லைன் ஓடிய நாளாகக் கணக்கில் சேர்ந்து லைனின் சராசரி இறங்கும். காலியாக விட்டால் சேராது. மின்சாரம் போனதற்கு லைன் 4-இன் சூப்பர்வைசர் பதில் சொல்ல வேண்டுமா என்பது மென்பொருளுக்குத் தெரியாது, சென்னையிலிருந்து புதிதாக எடுக்கப்படும் ஆளுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தோற்றுவிட்டதாக நினைப்பதை நான் ஏற்கவில்லை. 26 தப்பு என்று பார்த்தவுடன் சொன்னீர்களே, பயிற்சி முடித்துவரும் பலர் அந்த சார்ட்டை அப்படியே கலர் மாற்றி அனுப்பியிருப்பார்கள்.

கோடிங் பற்றி

எக்செல்லில் இஃப், விலுக்அப் ஃபார்முலாக்கள் போடுவீர்கள் என்று கடிதத்தில் இருக்கிறது. அது போதும். பவர் பிஐயில் இரண்டு மொழிகள் உண்டு. டேட்டாவைச் சுத்தம் செய்யும் பவர் குவரிக்குப் பின்னால் 'எம்' என்ற மொழி. கணக்குப் போட 'டாக்ஸ்'. முன்னதை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை, பட்டனை அழுத்த அழுத்த அதுவே எழுதிக்கொள்ளும். டாக்ஸ் ஃபார்முலா மாதிரிதான். சம், டிவைட், கவுன்ட்ரோஸ், கால்குலேட் இந்த நான்கை வைத்தே உங்கள் கம்பெனி ரிப்போர்ட்டில் முக்கால்வாசியை முடித்துவிடலாம். கால்குலேட் மட்டும் கொஞ்சம் படுத்தும். எல்லோரையும் படுத்தியிருக்கிறது.

ஃபார்முலாவைவிடக் கவனிக்க வேண்டியது சதவீதம். லைன் 1-இல் 1,000 பீஸ் செக் செய்து 20 ரிஜெக்ட், அதாவது 2 சதவீதம். லைன் 2-இல் 100 பீஸில் 10 ரிஜெக்ட், 10 சதவீதம். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 6 சதவீதம் என்று வரும். உண்மையில் 1,100-க்கு 30, அதாவது 2.7 சதவீதம். சதவீதங்களின் சராசரியை எடுத்து எம்.டி. முன்னால் வைத்தால் அன்றைக்கு செக்கிங் டிபார்ட்மென்ட்டில் வீண் சண்டை நடக்கும். மொத்த ரிஜெக்ட்டை மொத்த செக்கிங்கால் வகுக்கும் ஒரு 'மெஷர்' (டாக்ஸில் எழுதிவைக்கும் கணக்கு) எழுதிவிட்டால் லைன் வாரியாக, பையர் வாரியாக, மாத வாரியாக எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சரியாக வரும்.

ஃபைலின் உருவம்

நீங்கள் இணைத்திருந்த மாதிரி ஃபைலைப் பார்த்தேன். தொடக்கக்காரர்கள் தட்டுத் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

உங்கள் ஷீட் மனிதக் கண்ணுக்காகப் போடப்பட்டது. மேலே கம்பெனி பெயர் நடுவில் பெரிதாக, ஸ்டைல் பெயர் நான்கு வரிகளை மெர்ஜ் செய்த ஒரே கட்டத்தில், பக்கவாட்டில் ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று சைஸ் வாரியாகப் பத்திகள், ஓரத்தில் மொத்தம், அடியில் மறுபடி மொத்தம். பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட இது நல்ல ரிப்போர்ட். பவர் பிஐக்கு இது டேட்டாவே இல்லை. அதற்கு வேண்டியது அகலம் குறைந்த, நீளமாகக் கீழே இறங்கும் பட்டியல்: தேதி, லைன், பையர், ஸ்டைல், சைஸ், பீஸ். ஒரு வரியில் ஒரே ஒரு எண். மொத்தம் எங்கேயும் கூடாது, இருந்தால் உற்பத்தி இரண்டு மடங்காகிவிடும்.

இதைக் கையால் மாற்ற வேண்டியதில்லை. பவர் குவரியில் மேல் வரிகளை நீக்கி, மெர்ஜ் செய்த கட்டங்களை 'ஃபில் டவுன்' கொடுத்து நிரப்பி, மொத்த வரியையும் பத்தியையும் கழற்றிவிடுங்கள். பிறகு தேதி, லைன், பையர், ஸ்டைல் ஆகியவற்றை மட்டும் தேர்ந்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தால் சைஸ் பத்திகள் எல்லாம் வரிகளாக இறங்கிவிடும். 'அதர்' என்ற சொல் முக்கியம். அடுத்த மாதம் குழந்தை உடுப்பு ஆர்டர் வந்து 'ஆறு மாதம்', 'ஒன்பது மாதம்' என்று புதுப் பத்திகள் முளைத்தாலும் அது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பவர் குவரி உங்கள் எக்செல்லிலேயே இருக்கிறது. 2016 பதிப்பிலிருந்து டேட்டா மெனுவில் 'கெட் டேட்டா' வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. பவர் பிஐயில் இருப்பதும் இதே கருவிதான். அதனால் என் யோசனை உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம்: முதல் மூன்று வாரம் பவர் பிஐயைத் திறக்கவே வேண்டாம். ஆறு சூப்பர்வைசர் ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எக்செல்லில் 'ஃப்ரம் ஃபோல்டர்' வழியாக ஒன்றாக்கப் பழகுங்கள். ஒவ்வொரு படியும் பதிவாகிவிடும். மறுநாள் புது ஃபைல்களைப் போட்டு 'ரெஃப்ரெஷ் ஆல்' அழுத்தினால் போதும், இரண்டு மணி நேர வேலை சில நிமிடங்களுக்கு வந்துவிடும். புதிய மேனேஜருக்கு நீங்கள் காட்டும் முதல் பதில் அதுவாக இருக்கட்டும்.

ஆறு ஃபைலும் ஒரே அச்சில் இருந்தால்தான் இது நடக்கும். "லைன் 3" என்று ஒருவர், "லைன்-3" என்று ஒருவர், கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டு இன்னொருவர் எழுதினால் மூன்று லைன்களாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூடப் பவர் குவரிக்கு வேறு வேறு. சூப்பர்வைசர்களுக்கு ஒரே டெம்ப்ளேட் கொடுத்து, லைன் பெயரை டைப் செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வையுங்கள். அவர்களைச் சம்மதிக்க வைப்பது டாக்ஸைவிடக் கடினம். அதற்கு எந்த இன்ஸ்டிடியூட்டிலும் வகுப்பு கிடையாது.

"எக்செல் பழைய காலத்து விஷயம்தானே" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் சேராமல் விடுபட்டதும் உலகமே எக்செல்லைத் திட்டியது. ஆனால் அங்கே பயன்படுத்தியது 65,536 வரிக்கு மேல் தாங்காத பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம். இப்போதைய எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரி தாங்கும். உங்கள் டேட்டா வருஷத்துக்குச் சில ஆயிரம் வரிகள், சைஸைப் பிரித்தால் அதைப்போல் சில மடங்கு. கவலையே இல்லை.

தேதி, லட்சம், நிதியாண்டு

இந்த மூன்றும் நம் ஊருக்கென்றே உள்ள தொல்லைகள். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்ல மாட்டார்கள்.

நான் முதன்முதலில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு ரிப்போர்ட் போட்டேன். 05/04 என்ற தேதியை, ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொள்ளாமல், மே 4 என்று கணினி எடுத்துக்கொண்டது. 12-க்கு மேற்பட்ட தேதிகளில் எல்லாம் பிழை காட்டியது, அப்படி ஒரு மாதம் இல்லையே. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ரிமூவ் எரர்ஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது, அழுத்திவிட்டேன். அழகான ரிப்போர்ட் வந்தது. கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தீபாவளி வியாபாரம் எங்கே சார்?" என்றார். அந்த ஆண்டு தீபாவளி மாதக் கடைசியில் வந்திருந்தது. தேதிப் பத்தியின் வகையை மாற்றும்போது 'யூசிங் லொக்கேல்' என்பதைத் தேர்ந்து 'இங்கிலீஷ் (இந்தியா)' கொடுங்கள். பிழை நீக்கும் பட்டனைப் பல மாதங்களுக்குத் தொடாதீர்கள்.

லட்சமும் கோடியும் பவர் பிஐயின் யூனிட் பட்டியலில் கிடையாது, ஆயிரம், மில்லியன், பில்லியன் போன்றவைதான். 1,00,000-ஆல் வகுக்கும் மெஷர் ஒன்று எழுதி, தலைப்பில் "லட்சத்தில்" என்று போட்டுவிடுங்கள். ஆண்டும் அதற்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதுதான். ஏப்ரல் முதல் கூட்டிக்கொண்டு வர வேண்டுமென்றால், தனியாக ஒரு தேதி அட்டவணை வைத்து, 'டோட்டல் ஒய்டிடி' ஃபார்முலாவின் கடைசியில் ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்று குறிப்பிட வேண்டும்.

சார்ட் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. ஒப்பிட பார், காலப்போக்குக்குக் கோடு. எம்.டி. போனில்தான் பார்ப்பார், எனவே ஒரு பக்கத்தில் நான்கு விஷயத்துக்கு மேல் வேண்டாம். ஸ்பீடோமீட்டர் மாதிரி ஒன்று இருக்கிறது, மேனேஜர் நிச்சயம் கேட்பார். கேட்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

லிங்க், லைசென்ஸ், லேப்டாப்

யூடியூபில் நீங்கள் பார்த்த வழி 'பப்ளிஷ் டு வெப்' ஆகத்தான் இருக்க வேண்டும். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் உருவாகும் லிங்க்குக்குக் கடவுச்சொல் கிடையாது, லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம். அரசுப் புள்ளிவிவரம் போன்ற பொது விஷயத்துக்கென்று வைத்த வசதி அது. உங்கள் ரிப்போர்ட்டில் பையர் பெயரும் விலையும் இருக்கிறது. போட்டி கம்பெனி கையில் போனால், மேனேஜர் சொன்னது வேறு காரணத்துக்காக நடந்துவிடும்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ரிப்போர்ட் உருவாக்கும் பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். விண்டோஸில் மட்டும் ஓடும், 8 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. உள்ளுக்குள் பாதுகாப்பாகப் பகிரத்தான் காசு. அதுவும் அனுப்புகிறவர், பார்க்கிறவர் இருவருக்கும் புரோ லைசென்ஸ் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து அதன் விலை ஆளுக்கு மாதம் 14 டாலர். உங்கள் ஆபீசில் நீங்கள், எம்.டி., மேனேஜர் என்று மூன்று பேருக்குப் போதும், பெரிய கம்பெனிகள் வாங்கும் பிரீமியம் எல்லாம் தேவையில்லை. அதைக் கேட்பது உங்கள் உரிமை, டாஷ்போர்டு வேண்டும் என்றவர் மேனேஜர்தானே. வாங்கித் தரும்வரை டெஸ்க்டாப்பிலிருந்தே பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள். பவர் பிஐ தளத்தில் பதிவு செய்ய ஜிமெயில் கணக்கு ஏற்காது, கம்பெனி மெயில் ஐடி வேண்டும்.

கம்பெனி ஃபைலை வீட்டு லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், ஆனாலும் இனி மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பையர் பெயரை "பையர் 1" என்று மாற்றி, விலையை நீக்கிவிட்டுப் பழகுங்கள். தொழிலாளர் பெயர், சம்பளம், போன் எண் உள்ள ஃபைலைத் தொடவே வேண்டாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அது உங்களுக்கும் கம்பெனிக்கும் தலைவலி. இன்னொன்று: பவர் பிஐ ஃபைலை மெயிலில் அனுப்பினால், இம்போர்ட் செய்த டேட்டா முழுவதும் அதற்குள்ளேயே போகும். பத்தியை மறைத்துவைத்தாலும் திறக்கத் தெரிந்தவர் பார்த்துவிடுவார். பழகுவதற்கு வேறு டேட்டா வேண்டுமா, இந்திய அரசின் டேட்டா தளத்தில் மண்டி வாரியாகக் காய்கறி விலை கிடைக்கிறது. அசல் டேட்டாவின் அழுக்கெல்லாம் அதிலும் உண்டு, நல்ல பயிற்சி.

தம்பியிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது 1957-இன் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம், 63பி பிரிவில் சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், கிராக் ஃபைலோடு எது சேர்ந்து வரும் என்று யார் கண்டார்கள். டாப்லோ அருமையான மென்பொருள், படம் வரைவதில் அதன் கை ஓங்கித்தான் இருக்கிறது. பழக வேண்டுமென்றால் டாப்லோ பப்ளிக் என்று இலவசப் பதிப்பே உண்டு, அதில் வெளியிடுவது ஊருக்கே தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் உங்கள் ஆபீஸ் முழுக்க மைக்ரோசாஃப்ட், உங்கள் கை எக்செல்லில் ஊறியது. உங்களுக்குப் பவர் பிஐதான்.

அந்த 65,000 ரூபாய்

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்களுக்கு வேலை இருக்கிறது, அவர்கள் விற்பது வேலை உத்தரவாதம். தேவைப்படாத பொருளுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடங்கள் இலவசம், தமிழில் விளக்கும் வீடியோக்களும் இருக்கின்றன.

வகுப்பில் உட்கார்ந்தால்தான் படிப்பு ஏறும் என்பவர்களும் உண்டு. வீட்டில் பிள்ளைகள், சமையல் என்று நேரம் சிதறும்போது அது நியாயமான காரணம்தான். அப்படியானால் குறைந்த கட்டணத்தில் வார இறுதி வகுப்பு தேடுங்கள். எங்கே சேர்ந்தாலும் முதலில் டெமோ வகுப்பு கேளுங்கள். உங்கள் ஃபைல் ஒன்றைக் கொடுத்து "இதைச் சரிசெய்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள், ஆசிரியர் யார் என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நூறு சதவீதம் என்ற சொல், எந்த நிபந்தனையில், எத்தனை மாதத்தில், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதோடு எழுத்தில் வர வேண்டும். ரசீது வாங்குங்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். தவறான விளம்பரம் 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இஎம்ஐயைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது இன்ஸ்டிடியூட்டின் தவணை அல்ல, உங்கள் பெயரில் ஒரு கடன் நிறுவனம் தரும் கடன். வகுப்பு பிடிக்காமல் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோரில் விழும். கையெழுத்துக்கு முன் பேப்பரில் யார் பெயர் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்று பிற்பாடு தோன்றினால் மைக்ரோசாஃப்டின் பிஎல்-300 தேர்வு இருக்கிறது. 1,000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி, ஓராண்டு செல்லும், இணையத்தில் இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். கம்பெனி மாற நினைத்தால் எழுதுங்கள். இருக்கும் இடத்தில் நிலைக்க, தினமும் பதினொன்றரை மணிக்கு வந்த ரிப்போர்ட் ஒன்பதே முக்காலுக்கு வருவதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

மேனேஜரிடம் பேசுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பயந்துகொண்டு மூன்று மாதம் மறைவாகப் படிக்காதீர்கள். "எனக்கு மூன்று மாதம் கொடுங்கள் சார். முதல் மாதத்தில் காலை ரிப்போர்ட்டைத் தானாக வரச் செய்கிறேன். மூன்றாவது மாதம் முதல் டாஷ்போர்டு" என்று மெயிலில் எழுதுங்கள். எம்.டி.க்கும் ஒரு காப்பி. அவர் வெளியிலிருந்து ஆள் எடுக்கவே முடிவு செய்திருந்தால் இந்த மெயில் அதைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வருகிறவர் முதல் நாளே உங்களிடம்தான் வந்து, "இந்த ஃபைலில் இது என்னங்க?" என்று கேட்பார். அப்போதும் பவர் குவரி தெரிந்தவராக அவர் எதிரில் உட்காருவது நல்லது.

நாளைக் காலையில் அந்தப் பழைய ஃபைலைத் திறந்து, மொத்தம் பத்தியில் ஃபில்டர் அம்புக்குறியை அழுத்திப் பட்டியலின் அடிவரை போங்கள். எண்களெல்லாம் முடிந்தபிறகு கீழே ஒரு வார்த்தை தனியாக உட்கார்ந்திருக்கும். அது என்ன வார்த்தை என்று எனக்கு எழுதுங்கள், "கரண்ட் கட்" என்பது என் ஊகம்.